வாடிய குருத்தில் தொடங்குங்கள்: பழ மரக் குருத்தைத் துளைக்கும் அந்துப்பூச்சியைக் கட்டுப்படுத்தும் முறை

பீச், நெக்டரின், பிளம், ஆப்ரிகாட் போன்ற மரங்களில் பூத்து முடிந்து புதுத் தளிர்கள் ஒரு சாண் நீளத்துக்கு வளர்ந்திருக்கும் நேரத்தில், நேற்றுவரை நிமிர்ந்து நின்ற குருத்து ஒன்று காலையில் தலை தொங்கி நிற்பதைக் கண்டால், தண்ணீர் போதவில்லை என்று எண்ணி உடனே பாய்ச்சத் தொடங்குபவர்களே அதிகம். மண்ணில் ஈரம் குறைந்தால் மரம் முழுவதும் வாடும். ஒரு பக்கத்துக் கிளைகளாவது சேர்ந்து வாடும். சுற்றியுள்ள குருத்துகள் எல்லாம் செழித்திருக்க, ஒன்று மட்டும் நுனியிலுள்ள மூன்று நான்கு இலைகளோடு துவண்டிருந்தால், அதற்குள் புழு இருக்கிறது என்று வைத்துக்கொண்டு ஆராய்வதே சரி. அந்த ஒரு குருத்தை அன்றைக்கே கவனிப்பதற்கும் ஒரு வாரம் கழித்துக் கவனிப்பதற்கும் உள்ள வேறுபாடு அறுவடையின்போது பழத்தில் தெரியும்.

இந்தச் சேதத்துக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது கிழக்கத்தியப் பழ அந்துப்பூச்சி. அறிவியலில் இதைக் கிராஃபோலிட்டா மொலெஸ்டா என்பார்கள். கிழக்கு ஆசியாவைத் தாயகமாகக் கொண்ட இப்பூச்சி, 1910களில் ஜப்பானிலிருந்து சென்ற நாற்றுகளோடு அமெரிக்காவை அடைந்ததாகக் கருதப்படுகிறது. 1916இல் ஆகஸ்ட் பஸ்க் என்ற பூச்சியியலாளர் இதை விவரித்துப் பெயரிட்டார். இன்று பீச் பயிராகும் நாடுகளில் பெரும்பாலானவற்றில் இது இருக்கிறது. பீச்சும் நெக்டரினும் இதற்கு மிகவும் பிடித்தமானவை; குயின்ஸ், ஆப்பிள், பேரி, பிளம் மரங்களையும் இது விட்டுவைப்பதில்லை. இறக்கையை விரித்தாலும் 10 முதல் 15 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும் சாம்பல் நிறத் தாய்ப்பூச்சி, பகலில் பட்டையோடு பட்டையாக ஒட்டிக் கிடந்து, பொழுது சாயும் வேளையில்தான் பறந்து இணைசேரும். மாலை வெப்பநிலை ஏறக்குறைய 16 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் அதுவும் பெரும்பாலும் நடப்பதில்லை. ஆகவே தோட்டத்தில் எத்தனை ஆண்டுகள் நடந்தாலும் தாய்ப்பூச்சியை நேரில் காண்பது அரிது. நம் கண்ணில் படும் முதல் அடையாளம் வாடிய குருத்துதான்.

நுனி இலைகளின் அடிப்பக்கத்தில் ஒன்றொன்றாக இடப்படும் முட்டை தட்டையானது. ஒரு மில்லிமீட்டர்கூட இராது. அதிலிருந்து வெளிவரும் கருந்தலைப் புழு, இளம் இலையின் காம்பு தண்டோடு சேரும் இடத்தில் துளையிட்டு உள்ளே போய், நடுத்தண்டைத் தின்றுகொண்டே கீழ்நோக்கி இறங்கும். தண்டு முற்றிக் கடினமாகத் தொடங்கும் இடத்தை எட்டியதும் வெளியேறி வேறொரு குருத்துக்குப் போகும். ஒரே புழு வளர்ந்து முடிவதற்குள் இரண்டு மூன்று குருத்துகளை, சில வேளை அதற்கும் மேற்பட்டவற்றைக் கெடுத்துவிடும். எனவே பத்துக் குருத்துகள் வாடியிருந்தால் பத்துப் புழுக்கள் இருப்பதாகக் கணக்கிட வேண்டியதில்லை. ஆனால் இருப்பவை இன்னும் நடமாடிக்கொண்டிருக்கின்றன என்று கொள்ள வேண்டும்.

பருவத்தின் முதல் தலைமுறைப் புழுக்கள் ஏறக்குறைய முழுவதும் குருத்தில்தான் வளர்கின்றன. பழங்கள் அப்போது சிறு பிஞ்சுகளாகவும் குருத்துகள் மிக மென்மையாகவும் இருக்கும். கோடை நடுவில் குருத்துகள் முற்றி, பழங்கள் சதைப்பிடித்துப் பழுக்கத் தொடங்கும்போது, அடுத்தடுத்த தலைமுறைகள் பழத்துக்குள் புகுகின்றன. குருத்தில் இருக்கும் புழுவை நாம் பார்க்க முடியும், அறுத்தெடுக்க முடியும். அந்த இழப்பை மரமும் தாங்கும். பழத்தில் இருக்கும் புழுவுக்கு இவற்றில் எதுவும் பொருந்தாது. இந்தப் பூச்சிக்கு எதிரான வேலையில் பெரும்பகுதியைக் குருத்துப் பருவத்திலேயே முடித்துவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

முதலில் பிளந்து பாருங்கள்

வாடிய குருத்தை மருந்தடிப்பதற்கு முன்பும், வெட்டி எறிவதற்கு முன்பும், ஒருமுறை பிளந்து பார்த்துவிட வேண்டும். கூர்மையான சிறு கத்தியும், பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸும் போதும். வாட்டம் தொடங்கும் இடத்துக்கு ஓர் அங்குலம் மேலே பாருங்கள்; இலைக்காம்பின் அடியில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு துளையும், அதன் வாயில் ஈரமான மரத்தூள் போன்ற எச்சமும் இருக்கும். பீச்சாக இருந்தால் அந்த இடத்தில் பிசின் ஒரு சொட்டாகத் திரண்டிருக்கும். கத்தியைத் தண்டின் நீளவாக்கில் வைத்து மெல்ல அழுத்தினால் குருத்து இரண்டாகப் பிரியும். பச்சை வெள்ளையாக நிறைந்திருக்க வேண்டிய நடுப்பகுதியில் பழுப்பேறிய குழல் ஒன்று ஓடும். அந்தக் குழல் முடியும் இடத்தில் தலை கீழாகப் புழு இருக்கும். முதலில் பால் வெள்ளையாகத் தெரியும் அது, வளர வளர இளஞ்சிவப்பாக மாறி, முழு வளர்ச்சியில் 10 முதல் 12 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். தலை பழுப்பு நிறம்.

புழுவின் பின்முனையைக் கைலென்ஸில் பாருங்கள். கடைசி வளையத்தின் கீழே, மலவாய்க்கு மேல், சீப்பின் பற்களைப் போல நான்கு முதல் ஏழு வரையிலான நுண்ணிய கரும்பற்கள் வரிசையாக நிற்கும். ஆப்பிள் தோட்டத்தில் இதைத் தெரிந்துகொள்வது மிகவும் தேவை, ஏனென்றால் அங்கே பழத்தைத் துளைக்கும் கோட்லிங் அந்துப்பூச்சியின் புழுவும் இளஞ்சிவப்பாகவே இருக்கும். அதற்கு இந்தச் சீப்பு கிடையாது. அது ஆப்பிளின் விதையைத் தேடிப் போய்த் தின்னும். கிழக்கத்தியப் பழ அந்துப்பூச்சியின் புழு பெரும்பாலும் சதையோடு நின்றுவிடும். பீச், பாதாம் மரங்களில் இதே போலக் குருத்தை வாட வைக்கும் வேறொரு பூச்சி பீச் குருத்துத் துளைப்பான், அதாவது அனார்சியா லினியடெல்லா. அதன் புழுவை லென்ஸ் இல்லாமலே அடையாளம் காணலாம்: கருந்தலை, சாக்லேட் நிற உடல், வளையத்துக்கு வளையம் வெள்ளைப் பட்டை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பது பின்னால் குளிர்காலப் பணிகளில் பயன்படும்.

பிளந்து பார்த்தும் குழலே இல்லையென்றால் அது பூச்சியின் வேலை அன்று. பீச்சில் பழுப்பு அழுகலை உண்டாக்கும் பூஞ்சையும், ஆப்பிளிலும் பேரியிலும் தீக்கருகல் எனப்படும் பாக்டீரியா நோயும் குருத்தை இதே தோற்றத்தில் கவிழ்த்துவிடும். தீக்கருகலில் குருத்து கைத்தடியின் பிடியைப் போல வளைந்து, சுட்டது போலக் கருத்து நிற்கும். ஈரமான நாள்களில் தண்டில் பிசுபிசுப்பான நீர் கசியும். அப்படி இருந்தால் நன்றாகக் கீழே இறக்கி, நோய் தெரியாத பகுதியில் வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் கவாத்துக் கத்தரியை 70 விழுக்காடு ஆல்கஹாலில் துடைக்க வேண்டும். இதைக் கவனியாமல் புழு என்று எண்ணி மரத்துக்கு மரம் அதே கத்தரியோடு நடந்தால், நோயை நாமே பரப்பியவர்கள் ஆவோம்.

வெட்டும் முறை

வாடியிருந்தாலும் இலைகள் இன்னும் பச்சையாக இருக்கும் குருத்தில் புழு இருக்க வாய்ப்பு மிக அதிகம். இலைகள் காய்ந்து பழுப்பாகி, துளையின் வாயில் பிசின் இறுகிப் போயிருந்தால், புழு வெளியேறிவிட்டது என்று பொருள். அதை வெட்டுவதால் மரம் பார்க்க அழகாக இருக்குமே தவிர, பூச்சி குறையாது. எனவே முதல் வாடல் தென்பட்டதிலிருந்து வாரத்துக்கு இரண்டு முறையாவது மரங்களைச் சுற்றி வருவது நல்லது. மரத்தின் மேல் பாதியில் உள்ள வீரியமான குருத்துகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வாட்டம் தெரியும் இடத்தோடு வெட்டுவது பொதுவாக நடக்கும் தவறு. நானும் முதல் ஆண்டில் அப்படித்தான் வெட்டினேன். வெட்டி எடுத்த நுனிகளைப் பிளந்தபோது பாதிக்கும் மேற்பட்டவற்றில் வெறும் குழல்தான் இருந்தது. புழு அதற்குள் கீழே இறங்கி, மரத்தில் விட்டுவந்த அடித்துண்டிலேயே தங்கியிருந்தது. வாட்டம் முடியும் இடத்துக்குக் கீழே நான்கு விரற்கடை இறக்கி வெட்டி, வெட்டுவாயைப் பாருங்கள். நடுத்தண்டு துளையில்லாமல் நிறைந்திருந்தால் போதும். பழுப்புப் புள்ளியோ துளையோ தெரிந்தால் இன்னும் ஒரு கணுவுக்குக் கீழே வெட்டுங்கள்.

வெட்டிய துண்டுகளை மரத்தடியில் போடக் கூடாது. குருத்து காயத் தொடங்கியதும் புழு வெளியே ஊர்ந்து வேறு குருத்தைத் தேடும். வெட்டியவுடன் இறுக்கிக் கட்டக்கூடிய பிளாஸ்டிக் பையில் போட்டு, சோப்புக் கரைத்த தண்ணீரை ஊற்றி ஓரிரு நாள் ஊற வைப்பது எளிது. பையைக் கட்டி நல்ல வெயிலில் சில நாள் வைத்தாலும் உள்ளே உள்ளவை மடிந்துவிடும். எருக்குழியின் மேல் பரப்பில் தூவிவிடுவது பயன் தராது.

எத்தனை குருத்து வாடியிருந்தால் கவலைப்பட வேண்டும் என்பது மரத்தின் வயதைப் பொறுத்தது. முழு வளர்ச்சி அடைந்த மரத்தில் சில நுனிகள் போவது, நாமே நுனி கிள்ளிவிட்டதற்குச் சமம். மரத்தின் நலத்துக்கு அதனால் கேடில்லை, அடுத்த தலைமுறைப் பூச்சியைக் குறைப்பதற்காகவே அங்கே வெட்டுகிறோம். நட்டு இரண்டு மூன்று ஆண்டுகளே ஆன கன்றில் நிலைமை வேறு. தலைமைக் குருத்தைப் புழு தின்றுவிட்டால், அதற்குக் கீழே உள்ள மொட்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் துளிர்த்து, கன்று துடைப்பம் போலப் படர்ந்து, நாம் நினைத்த வடிவத்தை இழந்துவிடும். அப்படி நடந்த கன்றில் கீழிருந்து எழும் துளிர்களில் நேராகவும் வலுவாகவும் உள்ள ஒன்றை மட்டும் விட்டு, அதைக் குச்சியோடு தளர்வாகக் கட்டி நிமிர்த்தி, போட்டிக்கு வரும் மற்றவற்றை இளமையிலேயே கிள்ளிவிட வேண்டும்.

சில மரங்கள் உள்ள வீட்டுத் தோட்டத்தில் இந்த வெட்டு வேலை மட்டுமே பெருமளவு பலன் தரும். நூற்றுக்கணக்கான மரங்கள் உள்ள தோப்பில் ஒவ்வொரு குருத்தாகத் தேடுவது நடவாத காரியம். அங்கே பூச்சியின் நாள்கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

பொறியும் வெப்பக் கணக்கும்

பெண் பூச்சி வெளியிடும் இனக்கவர்ச்சி வாசனையின் முதன்மைப் பொருளை 1969இல் வெண்டெல் ரோலோஃப்ஸும் அவருடைய உடனாய்வாளர்களும் கண்டறிந்தார்கள். அதைச் செயற்கையாகச் செய்து ரப்பர் குப்பியில் ஏற்றி, அடியில் ஒட்டும் அட்டை வைத்த பொறிகளில் தொங்கவிடுகிறோம். பீச் பூக்கத் தொடங்குவதற்கு முன்பே பொறியை மரத்தின் மேல் பகுதியில், நிழல் விழும் பக்கத்தில் கட்டிவிடுங்கள். பொறியில் விழுபவை ஆண் பூச்சிகள் மட்டுமே. அவை விழுவதால் பூச்சி ஒழியாது. பொறியின் பணி நாளைச் சொல்வது. அடுத்தடுத்த இரண்டு பார்வைகளில் பூச்சி விழுந்திருந்தால், முதலில் விழுந்த நாளைக் கணக்கின் தொடக்க நாளாகக் குறித்துக்கொள்ளுங்கள். பிளம் பழத்தைத் தாக்கும் நெருங்கிய உறவுப் பூச்சியும் இதே வாசனைக்கு வரும் என்பதால், எண்ணுவதற்கு முன் விழுந்தது எது என்று உறுதிசெய்ய வேண்டும்.

இப்பூச்சியின் வளர்ச்சி 7.2 டிகிரி செல்சியஸுக்குக் கீழே நின்றுவிடுகிறது; 32.2 டிகிரிக்கு மேல் வெப்பம் கூடுவதால் அது மேலும் விரைவதில்லை. ஒரு நாளின் உச்ச வெப்பத்தையும் குறைந்த வெப்பத்தையும் கூட்டி, இரண்டால் வகுத்து, அதிலிருந்து 7.2ஐக் கழித்தால் கிடைப்பது அன்றைய வளர்ச்சி அலகு. முட்டை தாய்ப்பூச்சியாக மாறி அடுத்த முட்டை இடும் வரையிலான ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய 535 அலகுகள் தேவை. உச்சம் 24, குறைவு 10 என்று இருக்கும் இளவேனில் நாளில் 9.8 அலகுதான் சேரும்; அந்த வேகத்தில் ஒரு தலைமுறைக்கு எட்டு வாரம் ஆகும். உச்சம் 30, குறைவு 18 என்று இருக்கும் கோடை நாளில் 16.8 அலகு சேரும். 32 நாளிலேயே ஒரு தலைமுறை முடிந்துவிடும். கோடையில் பூச்சி திடீரெனப் பெருகியதாக நமக்குத் தோன்றுவதற்கு இந்தக் கணக்கே காரணம். தொடக்க நாளிலிருந்து தினமும் ஒரு நோட்டில் கூட்டிக்கொண்டு வந்தால், அடுத்த தலைமுறை எப்போது தலைகாட்டும் என்பதை ஒரு வாரம் முன்பே சொல்லிவிடலாம்.

மருந்தும் மாற்று வழிகளும்

இந்தப் புழு குருத்தையோ பழத்தையோ துளைக்கும்போது முதல் சில கடிகளை விழுங்குவதில்லை. மேல்தோலைக் கடித்து ஒதுக்கிவிட்டு உள்ளே போகிறது. இலையைத் தின்னும் புழுக்களை எளிதில் கொல்லும் வயிற்று நஞ்சுகள், பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியாவால் ஆன கலவை உட்பட, இதனிடம் பலவீனமாகப் போவதற்கு இதுவே முதன்மைக் காரணம். உள்ளே போன பிறகு எந்த மருந்தும் அதை எளிதில் எட்டாது. ஆகவே எந்த மருந்தாக இருந்தாலும், முட்டை பொரித்துப் புழு தோலின் மேல் ஊர்ந்துகொண்டிருக்கும் மிகக் குறுகிய இடைவெளியில் பட வேண்டும். பொறியும் வெப்பக் கணக்கும் அந்த இடைவெளியைத்தான் காட்டுகின்றன. வாடிய குருத்துகளைப் பார்த்த கோபத்தில் அடிக்கும் மருந்து பெரும்பாலும் வீண். ஒரே வகை மருந்தைத் தொடர்ந்து அடித்தால் எதிர்ப்புத்திறன் வளரும். கனடாவின் ஒன்டாரியோவில் பீச் தோட்டங்களில் இருந்த இப்பூச்சி ஆர்கனோபாஸ்பேட் மருந்துகளுக்கு எதிர்ப்பைப் பெற்றது 1990களில் உறுதிசெய்யப்பட்டது. உங்கள் பகுதியில் இந்தப் பயிருக்கென அனுமதிக்கப்பட்ட மருந்தை மட்டும், புட்டியில் அச்சிட்ட அளவிலும் அறுவடைக்கு முந்தைய இடைவெளியிலும் பயன்படுத்துங்கள். பூ விரிந்திருக்கும்போது எதையும் அடிக்க வேண்டாம். தேனீக்கள் இல்லாமல் பழம் இல்லை.

பெரிய தோப்புகளுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இணைசேர்க்கைத் தடுப்பு. பெண் பூச்சியின் வாசனையைக் கசியவிடும் சிறு குழல்களை ஏராளமாக, மரத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கில் கட்டிவிட்டால், ஆண் பூச்சிக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் வாசனை வரும். உண்மையான பெண்ணைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் போகும். முதல் பறப்புக்கு முன்பே கட்ட வேண்டும். இரண்டு எக்டேருக்குக் குறையாத, ஒரே தொடர்ச்சியான பரப்பில் இது நன்றாக வேலை செய்யும். தனி மரங்களிலும் குறுகிய துண்டு நிலங்களிலும் காற்று வாசனையைக் கொண்டுபோய்விடும், வெளியில் இணைசேர்ந்த பெண் பூச்சிகள் எளிதாக உள்ளே வந்து முட்டையிடும். இம்முறையில் ஒன்றை மறந்துவிடக் கூடாது. வாசனை நிறைந்த தோப்பில் ஆண் பூச்சியால் பொறியையும் கண்டுபிடிக்க முடியாது. அட்டை வெறுமையாக இருப்பதைப் பார்த்து நிம்மதியடையாமல், ஓர வரிசை மரங்களின் குருத்துகளை நேரில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இயற்கை எதிரிகளையும் மதிக்க வேண்டும். மேக்ரோசென்ட்ரஸ் ஆன்சிலிவோரஸ் என்ற ஒட்டுண்ணிக் குளவி, குருத்துக்குள் இருக்கும் இளம் புழுவைத் தேடி அதன் உடலுக்குள் முட்டையிடும். நவீன மருந்துகள் வருவதற்கு முன், அமெரிக்கப் பீச் தோட்டங்களில் இதைப் பெருமளவில் வளர்த்துப் பறக்கவிட்டார்கள். சூரியகாந்திப் பூவைத் தாக்கும் ஒரு வகை அந்துப்பூச்சியின் புழுவிலும் இந்தக் குளவி வளரும் என்பதால், குளவி உள்ள பகுதிகளில் தோப்பின் ஓரத்தில் சூரியகாந்தி விதைப்பது அதற்குத் தங்குமிடம் கொடுக்கும். டிரைக்கோகிரம்மா குளவிகள் முட்டையிலேயே பூச்சியை அழிக்கின்றன. பரந்த வீச்சுள்ள மருந்தை அடித்தால் முதலில் சாவது இவைதான்.

பழத்தைக் காப்பதற்கான கைவேலைகளில் முக்கியமானது பிஞ்சு கலைத்தல். இரண்டு பழங்கள் ஒன்றையொன்று தொடும் இடத்திலும், பழமும் இலையும் ஒட்டியிருக்கும் இடத்திலும், காம்பின் அருகிலும்தான் புழு நுழைய விரும்பும். பழத்துக்குப் பழம் ஒரு கையகல இடைவெளி விட்டுக் கலைத்து, சில மரங்களே இருந்தால் ஒவ்வொரு பழத்துக்கும் காகிதப் பை மாட்டிவிடலாம். தழைச்சத்து உரத்தை மிகுதியாக இடுவதும் கோடையில் கடுமையாகக் கவாத்து செய்வதும், முற்ற வேண்டிய நேரத்தில் மரத்தை மறுபடி துளிர்க்க வைத்துப் பூச்சிக்கு விருந்து பரப்பும். புதிதாக நடுபவர்கள் முன்பருவத்தில் பழுக்கும் ரகங்களைத் தேர்ந்தெடுத்தால், பிந்திய தலைமுறைகள் பெருகுவதற்குள் அறுவடையை முடித்துவிடலாம். பீச்சை ஒட்டி ஆப்பிளையும் வைத்திருப்பவர்கள், பீச் அறுவடை முடிந்த பிறகு அங்கிருந்த பூச்சி ஆப்பிளுக்கு நகரும் என்பதை எதிர்பார்த்து அங்கே பார்வையைக் கூட்ட வேண்டும்.

குளிர்காலத்தில்

கிழக்கத்தியப் பழ அந்துப்பூச்சி, முழுதாக வளர்ந்த புழுவாகப் பட்டுக்கூட்டுக்குள் குளிர்காலத்தைக் கழிக்கும். அடிமரத்துப் பட்டையின் வெடிப்புகள், மரத்தடிச் சருகு, காய்ந்து தொங்கும் பழங்கள், பழம் கட்டிய மரப்பெட்டிகளின் இடுக்கு ஆகியவையே அதன் இடங்கள். பீச் குருத்துத் துளைப்பானோ குஞ்சுப் புழுவாகக் கிளைக் கவைகளின் பட்டைக்குள் சிறு அறை குடைந்து இருக்கும். அறையின் வாயில் செந்நிற எச்சம் குட்டிப் புகைபோக்கி போல நீட்டிக்கொண்டிருப்பதைக் கொண்டு அதைக் கண்டுகொள்ளலாம். எது உங்கள் தோட்டத்தில் இருந்தது என்பதைக் கோடையிலேயே குறித்து வைத்திருந்தால், அடிமரத்தில் தேடுவதா, கவைகளில் தேடுவதா என்ற குழப்பம் இராது.

கோடை முடிவில் அடிமரத்தைச் சுற்றி நெளிவுள்ள அட்டையைக் கட்டிவைத்தால், கூடு கட்ட இடம் தேடி வரும் புழுக்களில் ஒரு பகுதி அதற்குள் தங்கும். குளிர் முடிவதற்குள் அட்டையைக் கழற்றி எரித்துவிட வேண்டும். கழற்ற மறப்பவர்கள் இதைக் கட்டாமல் இருப்பதே நல்லது, ஏனென்றால் அந்த அட்டையே அடுத்த பருவத்துப் பூச்சிக்குப் பாதுகாப்பான வீடாகிவிடும். உதிர்ந்த பழங்களைத் திரட்டி ஆழமாகப் புதையுங்கள். பழைய பெட்டிகளைத் திரும்பக் கொண்டுவரும்போது மூலைகளைத் தேய்த்துக் கழுவுங்கள். நாற்றங்காலிலிருந்து கன்று வாங்கினால், பணம் கொடுப்பதற்கு முன் நுனியில் காய்ந்த குருத்தோ பிசின் சொட்டோ இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அடிப்பட்டை வெடிப்பில் வெள்ளை நூற்கூடு தெரிந்தால் அந்தக் கன்றை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.